இலக்கிய இதழில் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இலக்கிய இதழ்களில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிற, சேரப்போகிற மாணவர்களுடையவை. கணினி எழுத்துரு முதல் காப்புரிமை வரை கேட்டிருக்கிறார்கள். இதழ்ப் பணியில் நெடுநாள் இருப்பவர்கள் சேர்ந்து பதில் தருகிறோம்.

கோடை விடுமுறையில் ஓர் இலக்கிய இதழில் இரண்டு மாதம் பயிற்சி கிடைத்திருக்கிறது. முதல் வாரத்தில் என்ன வேலை தருவார்கள்? நான் எப்படித் தயாராவது?
*– முதுகலைத் தமிழ் மாணவி, பாளையங்கோட்டை*

முதல் வாரம் பெரும்பாலும் படைப்புப் பதிவேடுதான். மின்னஞ்சலிலும் தபாலிலும் வரும் கதை, கவிதை, கட்டுரைகளை ஒரு விரிதாளில் ஏற்ற வேண்டும். வரிசை எண், வந்த தேதி, எழுதியவர் பெயர், படைப்பின் தலைப்பு, வகை, முதலில் வாசித்தவர், இரண்டாவது வாசித்தவர், முடிவு, பதில் அனுப்பிய தேதி என்று ஒன்பது பத்திகள் போதும். கடைசிப் பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதில் போனதா இல்லையா என்று தெரியாமல் ஒரே ஆளுக்கு இரண்டு கடிதம் போவதும், ஒன்றுமே போகாமல் இருப்பதும் அதனால்தான்.

கோப்புப் பெயரையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ‘கதை’, ‘புதியகதை’, ‘கதை இறுதி’ என்ற பெயர்களில் நாற்பது கோப்புகள் வந்து கிடக்கும். வரிசை எண், எழுத்தாளர் பெயர், தலைப்பு என்ற ஒழுங்கில் பெயரிட்டு ஒரு பிரதியைத் திருத்தத்துக்கு எடுத்துக்கொண்டு, மூலக்கோப்பைத் தனி உறையில் தொடாமல் வையுங்கள். பிற்பாடு ‘நான் இப்படி எழுதவில்லையே’ என்று எழுத்தாளர் கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. அந்த இதழின் கடைசி ஆறு இதழ்களை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். படிக்கும்போது ‘எடுத்துக்கொண்டான்’ என்று சேர்த்து எழுதுகிறார்களா, ‘எடுத்துக் கொண்டான்’ என்று பிரிக்கிறார்களா, ஒற்றை மேற்கோளா இரட்டையா, முன்னெழுத்துக்குப் பின் இடம் விடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பல இதழ்களில் எழுதி வைத்த நடைக்கையேடு கிடையாது. உங்கள் குறிப்பே கையேடாகிவிடும். அடுத்தது தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் நாள்தோறும் அரைமணி பழகினால் கை வந்துவிடும்.

பழைய சிறுபத்திரிகைகளின் வாசனை தெரிந்திருப்பதும் உதவும். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’, டெல்லியில் 1965-இல் தொடங்கிய ‘கணையாழி’, யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிய ‘மல்லிகை’ ஆகியவற்றின் இதழ்களைக் கொஞ்சமாவது புரட்டிப் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம். இலங்கை இதழ்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகம் இருக்கிறது.

வந்த கதைகளைப் படித்துக் கருத்து எழுதச் சொல்கிறார்கள். ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமார்’ என்பதைத் தாண்டி எதுவும் எழுத வரவில்லை.
*– இளங்கலை மாணவர், கோவை*

ஆறு வரி போதும். கதையில் நடப்பது என்ன என்று இரண்டு வரி. எது வேலை செய்கிறது என்று ஒரு வரி. எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் தொய்கிறது என்று இரண்டு வரி. வெளியிடலாமா, திருத்தம் கேட்கலாமா, வேண்டாமா என்று கடைசி வரி. ஆசிரியருக்குப் பக்க எண்தான் முக்கியம். ‘நடுவில் இழுவை’ என்றால் அவர் கதை முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். ‘பக்கம் 4-இல் பேருந்துக் காட்சி, பக்கம் 2-இல் வந்ததையே திரும்பச் சொல்கிறது’ என்றால் நேராக அங்கே போவார்.

ஒரே மூச்சில் பத்துக் கதை படிக்காதீர்கள். ஏழாவது கதைக்கு நியாயம் கிடைக்காது. தேர்வானதாகத் தோன்றும் கதையிலிருந்து பொதுவாக எவரும் எழுதாத ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வெளிவந்ததோ, இன்னொருவருடையதோ என்றால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். முகநூலில் வந்த கவிதையை ‘வெளிவந்தது’ என்று கொள்வதா என்பது இதழுக்கு இதழ் வேறுபடும். அதை நீங்கள் முடிவு செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மனம் புண்படாமல் எப்படி எழுதுவது?
*– மாணவி, மதுரை*

நான்கு வாக்கியம். ‘வணக்கம். உங்கள் சிறுகதையை அனுப்பியதற்கு நன்றி. எங்கள் குழுவில் இருவர் வாசித்தோம். இதழில் வெளியிட இயலவில்லை. கதையை நீங்கள் வேறு இதழுக்கு அனுப்பலாம்.’ முதல் வரியில் கதையின் தலைப்பைச் சரியாகக் குறிப்பிடுங்கள். ஒரே ஆள் மூன்று கதை அனுப்பியிருப்பார்.

‘இடப் பற்றாக்குறையால்’, ‘இப்போதைக்கு’ என்ற சொற்கள் வேண்டாம். இரக்கத்தால் எழுதுகிற பொய் அது. அடுத்த இதழில் வரும் என்று நம்பி, வேறெங்கும் அனுப்பாமல் ஓராண்டு காத்திருப்பவர்கள் உண்டு. கதையின் குறைகளை நீங்களாக விளக்கவும் வேண்டாம். ஆசிரியர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவுக்கு எழுதுங்கள். இருவர் வாசித்தோம் என்று எழுதினால் உண்மையிலேயே இருவர் வாசித்திருக்க வேண்டும்.

எழுத்தாளர்கள் பழைய எழுத்துருக்களில் அனுப்புகிறார்கள். யூனிகோடுக்கு மாற்றினால் விசித்திரமான பிழைகள் வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?
*– பயிற்சி மாணவர், சென்னை*

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர்களின் நேரத்தைத் தின்பது இதுதான். இங்கே விடுகிற பிழை அச்சு வரைக்கும் போகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில விசைக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவம் ஒட்டப்பட்டிருக்கிறது. கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். கண்ணுக்கு மட்டும் தமிழ். மாற்றி என்ற மென்பொருள் அந்த ஒட்டை ஒரு பட்டியல்படி பிரித்து யூனிகோடாக்குகிறது. ஆகவே முதலில் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். கோப்பைத் திறந்து எழுத்துருப் பெயரைப் பாருங்கள். பட்டியல் மாறிப்போனால் முழுப் பக்கமும் குப்பையாகும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். ஆபத்தானவை, பக்கம் சரியாகத் தெரியும்போதே உள்ளே ஒளிந்திருக்கும் பிழைகள்.

பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது. காற்புள்ளிக்கு வேறு விசை. தட்டச்சு செய்தவர் இடையில் வேறு எழுத்துருவுக்கு மாறிக் காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றிய பின் ‘அம்மாஇ அப்பாஇ தம்பி’ என்று வரும். சொல்லின் இறுதியில் ‘இ’ நின்று அதற்குப் பின் இடம் வருகிற எல்லா இடங்களையும் தேடுங்கள். அதேபோல், கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகியிருக்கும். மூலத்தைப் பார்த்துத்தான் அவற்றைத் திரும்பப் போட முடியும்.

அடுத்தது துணைக்காலும் புள்ளியும். சில விசைப்பலகைகளில் அடித்தவர்கள் ‘ர்’ என்பதற்குத் துணைக்காலும் மேல் புள்ளியும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ‘அவா்’ என்பது ‘அவர்’ போலவே தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும், சில எழுத்துருக்களில் புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் மேல் நிற்கும். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி எங்கேயும் வராது. ஆகவே இதை மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம், பயமில்லை.

மூன்றாவதில்தான் பயம் வேண்டும். ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் போட்டுக் ‘கெளரவம்’ என்று அடிப்பார்கள். ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ ஆகும். ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ ஆகும். மொத்தமாக மாற்றினால் போயிற்று. கெளுத்தி மீன், ‘ஒளி’, ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாம் உடைந்து வட்டம் வட்டமாக நிற்கும். ஆகவே கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி என்று சொல் சொல்லாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

பி.டி.எஃப் மட்டும் அனுப்பியிருந்தால் அதிலிருந்து நகலெடுக்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி வரும். மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் புதிதாகத் தட்டச்சு செய்வதுதான் விரைவு.

வடிவமைப்புக்குப் போன பிறகும் ஒரு கண்ணி உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஒரே கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் அப்படி உடைந்திருந்தால், அந்தப் பத்தி வேறிடத்திலிருந்து ஒட்டப்பட்டது என்று பொருள்.

ஒரு மூத்த எழுத்தாளரின் கதையில் ஒற்றுப் பிழைகளையெல்லாம் திருத்தினேன். அவர் கோபப்பட்டார் என்று ஆசிரியர் சொன்னார். பிழையைத் திருத்தியது தவறா?
*– பெயர் வெளியிட விரும்பாத மாணவர், தஞ்சாவூர்*

எதைத் திருத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘இந்த காலம்’ என்பதை ‘இந்தக் காலம்’ என்றும், ‘பேச்சை கேட்டேன்’ என்பதை ‘பேச்சைக் கேட்டேன்’ என்றும் மாற்றியதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். இல்லாத இடத்தில் ஒற்றைப் போட்டிருப்பீர்களோ என்றுதான் சந்தேகம். ‘எடுத்துப் பார்த்தான்’ என்பதில் மிகும். ‘வந்து பார்த்தான்’, ‘செய்து பார்த்தான்’ என்பவற்றில் மிகாது. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகும், மென்தொடர், இடைத்தொடர் வினையெச்சங்களுக்குப் பின் மிகாது என்ற வேறுபாடு அது. ‘நடந்துச் சென்றான்’ என்று ச் போட்டுத் ‘திருத்துகிற’ பழக்கம் புதியவர்களிடம் மிகுதி. ஒற்று பொருளையும் மாற்றும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேல் என்ற ஆயுதத்தைத் தந்தான்.

உரையாடலைத் தொட்டிருந்தால் அவர் கோபம் நியாயமே. ஒரு பாத்திரம் ‘சுவத்துல சாஞ்சு நின்னான்’ என்று சொன்னால் அது அந்த ஊர்ப் பேச்சு. கதைசொல்லியின் எழுத்து நடையில் ‘சுவற்றில்’ என்று வந்தால் ‘சுவரில்’ என்று குறிப்பிடலாம். ‘கிணறு’ போல ‘று’வில் முடிகிற சொல்தான் ‘கிணற்றில்’ என்று இரட்டிக்கும். சுவர் அப்படியல்ல.

கவிதையில் இன்னும் எச்சரிக்கை. ‘என்னை’ என்று ஒரு வரி முடிந்து ‘கேட்காதே’ என்று அடுத்த வரி தொடங்கினால், இடையில் க் போடாதது மறதியாகவும் இருக்கலாம், அந்த இடத்து நிறுத்தத்துக்காகவும் இருக்கலாம். கேட்காமல் போடக் கூடாது.

முறை இதுதான். மாற்றங்கள் தடம் தெரியும்படி, பரிந்துரைப்பு முறையில் மட்டும் திருத்துங்கள். ஐயமற்ற எழுத்துப் பிழைகளை நேரே மாற்றலாம். மற்ற எல்லாவற்றையும் ஓரக்குறிப்பில் கேள்வியாக வையுங்கள். ‘இந்தச் சொல் வேண்டுமென்றே போட்டதா?’ என்று கேட்டால் எவரும் கோபப்படுவதில்லை. ஒரு கதைக்குப் பத்துக் கேள்விக்கு மேல் போனால், அதில் பாதி உங்கள் விருப்பு வெறுப்பாக இருக்கும். மறுபடி பார்த்துக் குறையுங்கள்.

ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் கதையைத் திருத்தச் சொன்னார்கள். ‘ரொறொன்ரோ’, ‘ரிக்கற்’ என்றெல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குக்கு மாற்றலாமா?
*– இளங்கலை மாணவி, விழுப்புரம்*

மாற்றவே கூடாது. அவை பிழைகள் அல்ல. பிறமொழி ஒலிகளைத் தமிழில் எழுதுவதற்கு இலங்கையில் நெடுங்காலமாக இருந்துவரும் வேறொரு மரபு. அங்கே ‘ர’வும் ‘ற’வும் நிற்கிற இடத்தில் தமிழ்நாட்டார் ‘ட’ எழுதுகிறார்கள் (டொரொன்டோ, டிக்கெட்), அவ்வளவுதான்.

சொற்களிலும் கவனம். ‘கதைக்கிறது’ என்றால் பேசுவது. ‘காணும்’ என்று சாப்பாட்டின்போது சொன்னால் ‘போதும்’. ‘பேந்து’ என்றால் பிறகு. ‘அவை வந்தவை’ என்று இருந்தால் அஃறிணை என்று நினைத்து ‘அவர்கள் வந்தார்கள்’ ஆக்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பேச்சில் மனிதர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடிக்குறிப்பு வேண்டுமா என்பதை எழுத்தாளரிடம் கேளுங்கள். வேண்டாம் என்பவர்களே அதிகம். வாசகர் சூழலிலிருந்து புரிந்துகொள்வார். ஒரே கதைக்குள் ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் எது வேண்டும் என்று கேட்டு ஒன்றாக்குங்கள்.

மெய்ப்பு பார்க்கும்போது எத்தனை முறை படிக்க வேண்டும்? மூன்று முறை படித்தும் அட்டையில் பிழை வந்துவிட்டது.
*– பயிற்சி மாணவர், திருச்சி*

அட்டையில் வந்தது வியப்பில்லை. பெரிய எழுத்தை எவரும் மெய்ப்பு பார்ப்பதில்லை, அது தானாகவே சரியாக இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது.

முதல் மெய்ப்பில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பதே இன்றும் சிறந்த வழி. விடுபட்ட வரி, இருமுறை வந்த பத்தி இதில்தான் சிக்கும். தனியாகச் செய்தால் வரிக்கு அடியில் ஓர் அட்டையை நகர்த்திக்கொண்டே போங்கள். மணிக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் கதையைப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். அச்சுப் பிழைக்குச் சிவப்பு, ஆசிரியரோ எழுத்தாளரோ புதிதாகச் செய்யும் மாற்றத்துக்கு நீலம் என்று பிரித்துப் போட்டால் வடிவமைப்பவருக்குக் குழப்பம் இராது.

இரண்டாம் மெய்ப்பில், முன்பு குறித்தவை திருந்தினவா என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். திருத்திய வரிக்கு மேலும் கீழும் இரண்டு வரிகளையும் படியுங்கள். ஒரு பிழையைத் திருத்தும்போது பக்கத்தில் புதுப்பிழை விழுவது வழக்கம். வரி புள்ளியெழுத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். ‘பார்க்’ என்று முடிந்து அடுத்த வரி ‘கிறான்’ என்று தொடங்கலாம்; ‘பா’ என்று முடிந்து ‘ர்க்கிறான்’ என்று தொடங்கக் கூடாது.

கவிதைப் பக்கங்களை எழுத்தாளரின் மூலத்தோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். கோப்பு மாறும்போது வெற்றுவரிகள் மறைந்து நான்கு பத்திக் கவிதை ஒரே பத்தியாகும். பத்தி முடிவு பக்க அடியில் விழுந்தால், அங்கே இடைவெளி உண்டா இல்லையா என்று வாசகருக்குத் தெரியாது. முடிந்தால் ஒரு வரியை இறக்கச் சொல்லுங்கள். மேற்கோளாகக் குறள் வந்தால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்கிறதா, எண் சரியா என்று அச்சு நூலில் பாருங்கள். நினைவிலிருந்து எழுதப்பட்ட பாரதி வரிகளையும் அப்படியே.

கடைசி மெய்ப்பில் உள்ளடக்கத்தைப் படிக்காதீர்கள், சட்டகத்தைப் பாருங்கள். அட்டை, முதுகு, மாதமும் ஆண்டும், இதழ் எண், பொருளடக்கத்தின் பக்க எண்கள், ஒவ்வொரு பக்கத் தலைப்பு, படைப்பாளர் பெயரும் முன்னெழுத்தும், படத்துக்குக் கீழே உள்ள வரி, தொலைபேசி எண். எண்ணை ஒருமுறை அழைத்தே பாருங்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் உள்ள வரி சட்டப்படி அளித்த பதிவோடு பொருந்த வேண்டியது. அதில் ஒரு புள்ளியைக்கூட நீங்களாக மாற்றாதீர்கள்.

பக்க எண்ணிக்கையையும் அப்போதே எண்ணுங்கள். டெமி எட்டில் ஒன்று என்ற தாள் அளவில் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள். 96 பக்கம் என்றால் ஆறு பாரம். கடைசி நேரத்தில் 98 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு அரைப் பாரமாவது ஓட்ட வேண்டும். எந்தக் கட்டுரையில் சில வரிகளைக் குறைக்கலாம் என்று எழுத்தாளரைக் கேட்க வேண்டிய நேரம், அச்சகத்துக்குப் போன பிறகு அல்ல, அதற்கு முந்தைய வாரம்.

ஸ்பானியக் கதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி அனுப்பியிருக்கிறார்கள். மூல ஆசிரியர் இறந்து நெடுங்காலமாயிற்று. அனுமதி வேண்டுமா?
*– மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ள மாணவி, புதுச்சேரி*

இந்தியாவில் எழுத்தாளர் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. 1950-இல் இறந்தவர் என்றால் 2010 முடியும் வரை. இலங்கையில் அது 70 ஆண்டு. மூலத்தின் காலம் முடிந்திருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. அதைச் செய்தவருக்கும் அதே கணக்கில் வாழ்நாளும் இறந்த பின் 60 ஆண்டும் உரிமை உண்டு, தமிழாக்கம் அதிலிருந்துதானே வந்திருக்கிறது. ஆகவே மூன்று தகவலைக் கேட்டு வாங்குங்கள்: மூல ஆசிரியர் இறந்த ஆண்டு, எந்த ஆங்கிலப் பதிப்பு, அதன் மொழிபெயர்ப்பாளர் பெயர். அனுமதி வாங்கியிருந்தால் அது மின்னஞ்சலிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ‘சரி’ என்றார்கள் என்பது போதாது. அச்சில் ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் போடாமல் விடுவது நம் இதழ்களில் பழகிப்போன தவறு. நீங்கள் அதைத் தொடராதீர்கள்.

பயிற்சிக்குப் பணம் தருவார்களா?
*– மாணவர், சேலம்*

பல சிறுபத்திரிகைகள் நன்கொடையிலும் சந்தாவிலும் ஓடுகின்றன. தர முடியாமல் இருக்கலாம். ஆனால் சேரும் முன்பே கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். போக்குவரத்துச் செலவு, வாரத்துக்கு எத்தனை நாள், கல்லூரி கேட்கும் மணிக்கணக்குக்குக் கையெழுத்திடுவார்களா, இதழில் உங்கள் பெயர் வருமா என்பவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நூல் கட்டுவதும் உறையில் முகவரி ஒட்டுவதும் ஓரிரு நாள் இருக்கும், அது இதழ்ப் பணியின் பகுதிதான். இரண்டு மாதமும் அதுவே என்றால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

இதழ் அச்சாகி வந்துவிட்டது. நான் பார்த்த கவிதையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. எழுத்தாளர் இன்னும் பார்க்கவில்லை. என்ன செய்வது?
*– பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி*

இன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள். எழுத்தாளர் கண்டுபிடித்துச் சொல்வதற்கும், நீங்கள் முந்திச் சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு இருக்கிறது. சொல்லும்போது பக்க எண், விடுபட்ட வரி, அது எந்தக் கட்டத்தில் விடுபட்டது என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மூலக்கோப்பு, முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கட்டம் தெரிந்துவிடும்.

எழுத்தாளருக்கு ஆசிரியர் எழுதட்டும். அடுத்த இதழுக்கான பிழைதிருத்தக் குறிப்பை நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு வரி விடுபட்ட கவிதைக்கு ‘இந்த வரி விடுபட்டது’ என்ற குறிப்பு போதாது. கவிதை சிறியதென்றால் முழுவதையும் மறுபடி வெளியிடக் கேளுங்கள். இணையப் பதிப்பு இருந்தால் அன்றே திருத்துங்கள். இதழின் இறுதிக் கோப்பிலும் அந்த வரியைச் சேர்த்து, தேதியோடு சேமித்து வையுங்கள். நாளைக்குத் தொகுப்பு போடுகிறவர்கள் அந்தக் கோப்பைத்தான் எடுப்பார்கள்.